நல்ல மனசு போதுமா?

"நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சாரு" என்று யார் சொன்னாலும் எனக்கு வால்டர் ஃப்ரீமன் ஞாபகம்தான் வரும். அமெரிக்க மருத்துவர். மனநோய் விடுதிகளில் அடைந்து கிடந்தவர்கள் வீடு திரும்ப வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர்.

1941இல் ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு அவரும், அவரோடு வேலை செய்த மூளை அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வாட்ஸும் லோபாட்டமி செய்தார்கள்; மனநோயைத் தணிக்க என்று மூளையின் முன்பகுதி இணைப்புகளை அறுக்கும் சிகிச்சை அது. வயது 23. அவள் விழித்திருக்கும்போதே, பேசச் சொல்லி, பாடச் சொல்லி, பேச்சு குழறும்வரை மூளையை அறுத்தார்கள். அதன்பின் அந்தப் பெண்ணால் ஒழுங்காக நடக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் தெரியாமல் செய்த தவறு என்று விட்டிருப்பேன். நிறுத்தவில்லையே! 1946இல் இன்னும் சுலபமான வழியைக் கையில் எடுத்தார்: மேல் இமைக்கு அடியில் கூரான கம்பியை வைத்து, சுத்தியால் தட்டி மூளைக்குள் இறக்குவது. சில நிமிட வேலை. மொத்தம் ஏறத்தாழ 3,500 பேர், குழந்தைகள் உட்பட. 1967இல் ஒரு பெண் இறந்த பிறகுதான் அவரைத் தடுத்தார்கள்.

பழைய நோயாளிகளை ஊர் ஊராகத் தேடிப்போய் நலம் விசாரித்தவர் அவர். அந்த அக்கறையை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் ரோஸ்மேரியைப் பார்த்த பிறகும் அடுத்த ஆளைப் படுக்க வைத்தாரே, அதைக் கொடுமை என்றுதான் சொல்வேன்.