திறப்பதற்கு முந்தைய கடைத்தெரு

நவம்பர் 3, 2025, திங்கள்

கடைகளின் கண்ணாடி முகப்புகளைப் பார்ப்பதற்கு உகந்த நேரம், கடைகள் திறந்திருக்கும் நேரம் அன்று. பொழுது புலர்வதற்குச் சற்று முன், துப்புரவுப் பணியாளர்களும் செய்தித்தாள் போடுகிறவர்களும் மட்டுமே நடமாடும் வேளையில், விளக்கு அணைக்காமல் விடப்பட்ட ஷோகேஸ் ஒன்றின் முன் நின்றால் உள்ளிருப்பவை எல்லாம் நடுவில் கண்ணாடியே இல்லாததுபோல் துலக்கமாகத் தெரிகின்றன. வாங்குகிறீர்களா என்று கேட்க யாரும் இல்லை; வாங்கலாமா என்ற எண்ணமும் எழுவதில்லை. பார்ப்பது மட்டுமே வேலையாகிறது.

இன்று ஒரு துணிக்கடையின் முன் வெகுநேரம் நின்றேன். சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஒரே ஒரு பொம்மை, அதன் தோளில் விழும் ஒற்றை விளக்கு, பின்னால் வெறும் சுவர். மேலங்கி இடுப்பில் கச்சிதமாகப் படிந்து நின்றதன் காரணம் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்த்தபோதுதான் விளங்கியது: முதுகுப்புறத்தில் துணியைக் கொசுவி, மேலிருந்து கீழாகக் குண்டூசிகள் குத்தியிருந்தார்கள். தெருவில் போகிறவர் கண்ணில் படாத அந்தப் பக்கத்திலும் ஊசிகள் ஒரே சீரான இடைவெளியில் இருந்தன. அதைச் செய்தவர் தம் தொழிலை மதிக்கிறவர்.

நவம்பர் 5, புதன்

விடியலில் மறைந்திருக்கும் கண்ணாடி, வெயில் ஏறியதும் வெளியே வந்துவிடுகிறது. அதன் கணக்கு எளியது. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சேர்ந்தால் 8 விழுக்காடு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகையில் இருக்கும்போது திறந்த வெளியில், வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், ஏறத்தாழ 3 லக்ஸ் மட்டுமே உண்டு. ஷோகேஸுக்குள் 1,000 லக்ஸ் இருப்பதாக வைத்துக்கொண்டால், தெருவின் பிரதிபலிப்பு அதன் முன் ஒன்றுமே இல்லை. நண்பகலில் நிழலில்கூடப் பத்தாயிரம் லக்ஸைத் தாண்டிவிடுவதால், அதில் 8 விழுக்காடு உள்விளக்குக்குச் சமமாக வந்து நிற்கிறது. பொருளைப் பார்க்க வந்தவருக்கு எதிர்க்கட்டடமும் தம் முகமும் தெரிவது அதனால்தான்.

இதைத் தீர்க்க முயன்றவர்கள் உண்டு. லண்டனின் பிக்கடிலியில் 1936இல் திறக்கப்பட்ட சிம்ப்சன் கடையின் முகப்பில் உட்புறமாகக் குழிந்து வளைந்த கண்ணாடிகளைப் பதித்தார்கள். அந்த வளைவு, தெருவின் ஒளியைப் பார்ப்பவர் கண்ணுக்கு அனுப்பாமல் வேறு பக்கம் திருப்பிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு வந்து சேர்வது கறுப்புப் பூச்சுப் பூசிய ஒரு பரப்பின் பிம்பம் மட்டுமே. அத்தனை செலவில் பகல் முழுவதற்கும் அவர்கள் வாங்கிய தெளிவு, விடியலில் எல்லாக் கடைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த நேரத்தில் விளக்கை அணைத்து வைத்திருக்கும் கடைகளைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

விடியலில் கடை முகப்புகளைத் தேடிச் சென்றவர்களில் புகைப்படக்காரர் யூஜீன் அட்ஜேவுக்கு இணையாக நான் வேறொருவரைச் சொல்ல மாட்டேன். 1857இல் பிறந்த அவர், கனமான மரக் கேமராவையும் 18க்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு, பாரிஸ் தெருக்களில் கூட்டம் சேர்வதற்கு முன்பே படமெடுக்கச் செல்வார். ஓவியர்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் தேவைப்படும் படங்களை விற்றுப் பிழைத்த அந்த மனிதர், 1912இல் ஸ்ட்ராஸ்பூர் பெருந்தெருவில் வாசலில் தொங்கவிட்ட உள்கச்சைகளோடு ஒரு கடையை எடுத்த படம் இன்று புகைப்பட வரலாறுகளில் தவறாமல் இடம்பெறுகிறது.

எனக்கு அதைவிட நெருக்கமானவை, 1925இல் கோபெலின் நிழற்சாலையின் ஆடவர் துணிக்கடை ஒன்றில் அவர் எடுத்தவை. கோட்டு அணிந்த பொம்மைகள் புன்னகைத்தபடி நிற்க, அவற்றின் ஊடாக எதிர்ச் சாரிக் கட்டடமும் மரங்களும் கண்ணாடியில் படிந்திருக்கின்றன. பிரதிபலிப்பை ஒரு தொல்லையாக மட்டும் நினைப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்; கடையும் தெருவும் ஒன்றுக்குள் ஒன்று குடியேறி, இரண்டிலும் இல்லாத ஓர் இடம் அங்கே உருவாகியிருக்கிறது. 1927இல் அட்ஜே இறந்த பின் அவருடைய தகடுகளையும் பிரதிகளையும் சிதறவிடாமல் காத்தவர் பெரனிஸ் அபட் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். 1968இல் அவை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றன.

நவம்பர் 12, புதன்

மழை. பாதிக் கடைகளில் இரும்பு ஷட்டர் இறக்கியிருந்தார்கள். மீதியில் தள்ளுபடி விளம்பரத் தாள்களைக் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்தார்கள். முகப்பைத் தாளால் மூடுகிறவர், தம்மிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை என்று தாமே அறிவித்துக்கொள்கிறார்.

நவம்பர் 16, ஞாயிறு

பழைய தெருவின் கைக்கடிகாரப் பழுதுபார்க்கும் கடையில் இன்னும் பழைய கண்ணாடியே இருக்கிறது. அதன் முன் நடந்தால், அதில் தெரியும் தெருவிளக்கின் கம்பம் நெளிந்து நெளிந்து கூடவே வருகிறது. காலப்போக்கில் கண்ணாடி கீழே வழிந்து நெளிவதாகச் சொல்வார்கள். அது உண்மையன்று, அந்த நெளிவு செய்யும்போதே வந்தது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை அலஸ்டைர் பில்கிங்டனின் குழு 1950களில் உருவாக்கி 1959இல் அறிவித்தது. அதற்கு முன், நெளிவில்லாத பெரிய கண்ணாடி வேண்டுமென்றால் இரு பக்கமும் அரைத்து மெருகேற்ற வேண்டும். சிறிய கடைக்காரர்கள் நெளிவோடுதான் வாழ்ந்தார்கள். எனக்கு அந்த நெளிவு பிடித்திருக்கிறது.

இரண்டு கடை தள்ளி எழுதுபொருள் கடை. பேனாக்களை அடுக்கி நிரப்பாமல், மூன்றை மட்டும் கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பில் வெவ்வேறு உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு தாளின்மேல் எழுத இறங்குவதுபோல் சாய்த்திருந்தார்கள். குறைவாக வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். 1897இல் சிகாகோவில் முகப்பு அலங்காரத்துக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கிய எல். ஃபிராங்க் பாம், தெருவில் போகிறவரின் கண்ணைப் பிடித்து நிறுத்துவதை ஒரு தனிக் கலையாகவே எழுதினார். செல்ஃப்ரிட்ஜ் 1909இல் லண்டனில் தம் பெருங்கடையைத் திறந்தபோது, கடை மூடிய பிறகும் முகப்பு விளக்குகளை நள்ளிரவு வரை எரியவிட்டார். கடை மூடியிருக்கும்போது பார்க்க வருகிறவரையும் ஒரு பொருட்டாக நினைத்த அந்த ஏற்பாட்டின் பயனைத்தான் நானும் அனுபவிக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

இன்று முகப்பு மாற்றும் வேலையையே பார்க்கக் கிடைத்தது. முன்பு சாம்பல் நிற மேலங்கி இருந்த துணிக்கடையில் இருவர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இளைஞர் ஒருவர் காலணிகளைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே நின்றார். நடுவயதுப் பெண்மணி நடைபாதையில் நின்றபடி கையசைத்து அவருக்கு வழி சொன்னார். பொம்மையின் முகம் நேராகத் தெருவைப் பார்த்தது. அவர் விரலால் காட்ட, இளைஞர் அதைச் சற்றே இடப்பக்கம் திருப்பினார். அவ்வளவு சிறிய மாற்றத்தில் பொம்மைக்குக் கவனம் வந்துவிட்டது, தெருக்கோடியிலிருந்து யாரோ வருவதைப் பார்க்கிறதுபோல்.

அந்த அம்மையாரிடம் பேசினேன். விளக்கை எப்போதும் கடைசியில்தான் திருப்புவார்களாம், அதுவும் வெளியே நின்று பார்த்தே. உள்ளிருந்து பார்த்தால் எதுவும் சரியாகத் தெரியாது என்றார். தம் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை என்பதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது உறுத்துகிறது. ராபர்ட் ரவுஷன்பெர்க்கும் ஜாஸ்பர் ஜான்ஸும் 1950களில் நியூயார்க் கடைகளின் முகப்புகளை அமைத்தபோது, ஓவியர்கள் என்ற தங்கள் பெயருக்கு அது பாதகமாகிவிடக் கூடாது என்று மேட்சன் ஜோன்ஸ் என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார்கள். ஆண்டி வார்ஹால் 1961இல் தம் ஓவியங்களைப் பான்விட் டெல்லர் கடையின் முகப்பில், பொம்மைகளுக்குப் பின்னால் காட்சிக்கு வைத்தார். அவர்கள் பின்னால் புகழ் பெற்றதால்தான் அந்த முகப்புகள் இன்று பேசப்படுகின்றன. முகப்பு வேலையையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தெரியாமலே போய்விட்டன. கண்ணாடியின் ஒரு மூலையில், சிறிய எழுத்தில், அமைத்தவர் பெயரையும் தேதியையும் எழுதுவதற்கு எந்தக் கடைக்கும் பெரிய செலவு ஆகாது. இதை அந்தக் கடையின் மேலாளருக்குக் கடிதமாக எழுதி, வரும் திங்கட்கிழமை நேரில் கொடுக்கவிருக்கிறேன்.