முடிச்சு வால் பூனைகள்: பினாங்கு நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

லெபோ பசார் பூக்கடை அக்காவின் அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், மூன்று பூனைக்குட்டிகள். இரண்டுக்குப் பாதி வால்தான், நுனியில் முடிச்சு. "யாரோ கதவுல வச்சு நசுக்கிட்டாங்க தம்பி, பாவம்" என்று அக்கா வருத்தப்பட்டார். பிறவியிலேயே அப்படித்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

வாலை யாரோ நசுக்கிவிட்டார்கள் என்று இந்த ஊரில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை. டார்வின் 1868இலேயே எழுதிவிட்டார்: மலாய்த் தீவுகள், சயாம், பர்மா முழுக்கப் பூனைகளுக்கு வால் பாதி நீளம்தான், பல சமயம் நுனியில் முடிச்சும் உண்டு என்று. கரு வளரும்போது முதுகெலும்பைக் கண்ணி கண்ணியாகப் பிரித்து அமைப்பதில் ஹெஸ்7 என்ற மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆசியாவின் குட்டைவால் பூனைகளுக்கு அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை 2016இல் கண்டுபிடித்தார்கள். ஜப்பானின் குட்டைவால் பூனைக்கும் அதே மாற்றம்தான். ஐரோப்பாவின் மேங்ஸ் பூனைக்கு வால் இல்லாமல் போனது வேறொரு மரபணுவால்.

மார்ச் 5, வியாழன்

இரவு நெடுநேரம் வாசித்தேன். உலகத்தின் வீட்டுப் பூனைகள் எல்லாமே லிபிகா என்ற காட்டுப்பூனையின் வம்சம் என்று 2007இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. மேற்கு ஆசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தானியத்தைச் சேர்த்து வைத்தார்கள், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. யாரும் கயிறு போட்டு இழுத்து வரவில்லை.

சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுப் பழமையான புதைகுழி ஒன்றைப் பற்றி 2004இல் எழுதினார்கள். ஒரு மனிதர், அவரிடமிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, எட்டு மாத வயதுப் பூனை. அந்தத் தீவுக்குச் சொந்தப் பூனையினம் கிடையாது. அப்படியென்றால் யாரோ அதைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்! துறைமுக ஊரில் பிறந்தவனுக்கு இதைப் படிக்கும்போது சிலிர்க்காமல் இருக்குமா?

மார்ச் 8, ஞாயிறு

நிபோங் திபாலில் மாமா வீடு. செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட சின்னப் பூனையைப் பற்றிக் கேட்டேன். "ராத்திரில எலி பிடிக்கும்டா. எட்ட நின்னு பாக்கும், கிட்ட வராது" என்றார்.

அவர் சொன்னது சிறுத்தைப் பூனை. சீனாவில் 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கிராமங்களில் கிடைத்த பூனை எலும்புகள் இந்த இனத்தினுடையவை. அங்கே இது 3,000 ஆண்டுகளுக்கும் மேல் மனிதர்களை ஒட்டி வாழ்ந்துவிட்டு விலகிப் போனது. பல நூற்றாண்டு கழித்துத்தான் லிபிகா வம்சம் மேற்கிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. அதே எலி, அதே மனிதர்கள்; ஆனால் இது வீட்டுப் பூனை ஆகவில்லை. நாம்தான் பூனையைப் பழக்கினோம் என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். நம்மோடு இருப்பதா என்பதைப் பூனைதான் முடிவு செய்திருக்கிறது.

மாமி கட்டிக் கொடுத்த நெத்திலி சம்பல் நாளைக்கும் வரும்.

மார்ச் 11, புதன்

மூன்றாவது குட்டிக்கு வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறம். பெண்ணாகத்தான் இருக்கும் என்றேன். அக்கா தூக்கிப் பார்த்து, ஆமாம் என்றார். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கறுப்பும் ஆரஞ்சும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும். ஆணுக்கு அது அபூர்வம்.

இதைச் சரியாகச் சொன்ன பிறகுதான், வாலைப் பற்றி நான் சொன்னதையும் அக்கா காது கொடுத்துக் கேட்டார்.

மார்ச் 14, சனி

நேரான வால் இருந்ததால் மூவண்ணக் குட்டியை ஒருவர் உடனே கொண்டுபோய்விட்டார். மற்ற இரண்டையும் "ஊனம்" என்று இரண்டு குடும்பங்கள் தட்டிக் கழித்தன. திங்கட்கிழமை தடுப்பூசிக்குக் கொண்டுபோகிறேன், அப்புறம் வயது வந்ததும் கருத்தடையும் செய்துவிடலாம். ஜார்ஜ் டவுன் பக்கம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பூக்கடைக்கு வாருங்கள். அந்த வால்களைத் தொட்டுப் பாருங்கள்: வீக்கமும் இல்லை, காயமும் இல்லை.