மருந்தோடு அரிசியும் பருப்பும்

1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, காசநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் முறையை உலகெங்கும் மாற்றியது. ஆய்வில் சேர்ந்த நகரத்து ஏழை நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்கள் தங்கள் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த முதல் பிரிவினருக்கு நிகராக, நெரிசலான வீடுகளில் போதிய உணவின்றி இருந்தவர்களும் குணமடைந்தனர். அவர்களோடு வசித்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருத்துவமனைப் படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கானோருக்கு இந்த முடிவு வாழ்வளித்தது.

ஆனால் இதே முடிவுதான், மருந்து இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம் என்ற எண்ணத்துக்கும் இடம் கொடுத்துவிட்டது என்று நான் கருதுகிறேன். என் தாய்மாமா காசநோய் மாத்திரைகளைச் சாப்பிட்ட மாதங்களில், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை; வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கியதும் புரட்டிக்கொண்டு வரும் குமட்டலுக்குத்தான் அஞ்சினார்.

உணவின் பங்கை ஐயமின்றிக் காட்டியது ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு. நோயாளியின் குடும்பத்தில் ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தபோது, அக்குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைவு. 2023இல் மட்டும் உலகில் சுமார் 1.08 கோடிப் பேரைத் தாக்கி 12.5 லட்சம் உயிர்களைப் பறித்த நோய்க்கு எதிராக, இவ்வளவு மலிவான தடுப்பு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 2022 முதல், நோய் உறுதியானவுடனேயே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மிகவும் நலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் தொடக்க வாரங்களிலேயே நிகழ்வதால், இது மிகச் சரியான ஏற்பாடு.

நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்த மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. குடும்பத்தினருக்கான உணவோ நன்கொடையாளர்களின் மனத்தைப் பொறுத்தே இருக்கிறது. ஊருக்கு ஊர் ரேஷன் கடை உள்ள மாநிலத்தில், சிகிச்சை முடியும்வரை நோயாளியின் குடும்ப அட்டைக்குக் கூடுதல் அரிசியும் பருப்பும் வழங்க ஓர் அரசாணை போதும்.