கானாடுகாத்தான் மாடியில் ஓரியன் நெபுலா

மார்கழி நடுராத்திரி தெற்கே பார்த்து அண்ணாந்தால், திருவாதிரைக்குக் கீழே வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்கும் கீழே மங்கலாக ஒரு திட்டு. படத்தில் இருப்பது அதுதான். 1,300 ஒளியாண்டுக்கும் அப்பால், நட்சத்திரங்கள் பிறக்கிற வாயு மேகம்.

டெலஸ்கோப்பில் நேராகப் பார்த்தால் வெறும் சாம்பல் புகை. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கேமராவில் 30 விநாடிப் படங்களாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால்தான் ஹைட்ரஜனின் சிவப்பு எழும்பி வரும்.

அதற்கு டெலஸ்கோப் வானத்தோடு சேர்ந்து சுழல வேண்டும். அது சுழலும் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். நம் பக்கம் அது அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரம்தான். பெரிய வீடுகளுக்கு நடுவே எங்கே தெரியும்? எதிர்வீட்டு முகப்பு மறைக்காத ஒரே மூலை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம்.

"இம்புட்டுச் செவப்பா இருக்கே, சாயம் ஏத்துனியா?" என்றார் அப்பத்தா. லேசாக ஏற்றினேன் அப்பத்தா, லேசாகத்தான்.