ஒரு மில்லிமீட்டர் கணக்கு

எங்கள் வீட்டு அம்பாசடரின் இடது முன் மட்கார்டு துருவேறிச் சல்லடையாகிவிட்டது. உத்தர்பாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி; தேடிக் கிடைத்த பழைய மட்கார்டுகள் எங்களுடையதைவிட மோசமாக இருந்தன. ஆகவே தகட்டை அடித்தே புதிதாகச் செய்வதென்று முடிவெடுத்து, அதற்கு முன்னால் வேண்டிய ‘பக்’ என்னும் மரக்கூட்டை வண்ணார்பேட்டை வீட்டு முற்றத்தில் வரையத் தொடங்கினேன்.

உதவிக்கு வந்த ஆசாரி கோயில் வாகனங்கள் செய்து பழகியவர். ரிஷபத்தை மரத்தில் செதுக்கி அதன்மேல் தகடு சாத்துவதுபோல இதையும் முழுமரத்தில் இழைத்துவிடலாம் என்றார். “இப்படிக் கூடு மாதிரி விட்டா, எதுல வச்சு அடிப்பீய?” என்று கேட்டார். தகடு வடிவம் பெறுவது மணல் மூட்டையிலும், ‘டாலி’ என்னும் இரும்புத் தாங்குகட்டையிலும்தான். அதைக் கூட்டின்மேல் வைத்து எங்கே முட்டுகிறது, எங்கே இடைவெளி விடுகிறது என்று உள்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு மறுபடி மூட்டைக்கே போக வேண்டும். பார்ப்பதற்கும் கிளாம்ப் மாட்டுவதற்கும் கூடு திறந்தே இருக்க வேண்டும். கதவோடு சேரும் ஓரமும் சக்கர வளைவின் விளிம்பும் மட்டும் முழுக்கட்டை, ஏனென்றால் அங்கேதான் தகட்டை மரத்தோடு சேர்த்துத் தட்டி மடக்குகிறோம்.

நன்றாக இருந்த வலது மட்கார்டில் அட்டை வைத்து வடிவம் எடுத்து, அதைப் புரட்டி இடதாக்கினேன். 12 மி.மீ. பிளைவுட்டில் குறுக்குப் பலகைகள் 100 மி.மீ.க்கு ஒன்றாகவும், வளைவு சட்டென்று திரும்பும் ஹெட்லைட் பக்கம் 50 மி.மீ.க்கு ஒன்றாகவும் நின்றன.

பிழை நேர்ந்தது கனத்தில். அட்டை எடுத்தது வெளிப்பரப்பில். கூடோ தகட்டுக்கு உள்ளே நிற்பது. எனவே 1 மி.மீ. தகட்டுக்காக எல்லாப் பலகைகளின் ஓரத்திலும் 1 மி.மீ. குறைத்தேன். அட்டையைப் பலகையோடு பொருத்தி நடுவே ஒரு தகட்டுத் துண்டைச் செருகிப் பார்த்தபோது, நடுப்பகுதியில் வழுக்கிக்கொண்டு போனது. மூக்குப் பக்கம் நுழைய மறுத்தது. பலகை பரப்பைச் செங்குத்தாக வெட்டும் இடத்தில்தான் 1 மி.மீ. போதும், செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்தால் 1.4, 60 பாகை சாய்ந்தால் 2 மி.மீ. குறைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கோசைன்தான், பென்சிலைக் காதில் செருகியதும் அது மறந்துபோகிறது.

மூக்குப் பக்கத்துப் பலகைகளை மட்டும் மறுபடி அறுத்து, ஐப்பசி மழைக்கு முன் இரண்டு கை வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறோம். தகடு இன்னும் வாங்கவில்லை.