கிடாரத்தில் அவிந்த போர்வை

அம்மம்மாவின்ர போர்வையை ஊத்தை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஐப்பசி மழை தொடங்கி இரவில குளிர, பெட்டியைத் திறந்தன். பழைய மணம் ஒண்டு குப்பெண்டு வந்தது. ஒருக்கால் அலசிப் போடுவம் எண்டு நினைச்சன். வினை அங்கதான் தொடங்கினது.

யுத்தம் முடிஞ்சு 2010இல கிளிநொச்சிப் பக்கம் எங்கட ஊர் முரசுமோட்டைக்குத் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்க இருந்த காலத்தில, அம்மம்மா கையால தைச்ச போர்வை அது. தையல்கடை வெட்டுத்துண்டு, அம்மாவின்ர நூல்சீலை, மாமாவின்ர சாரம், தம்பியின்ர பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டு எண்டு கைக்கு அம்பிட்டதெல்லாம் அதில இருக்கு. உள்ளுக்கு ரெண்டு பழஞ்சீலையை மடிச்சு வைச்சு நெருக்க நெருக்க நூலோட்டியிருக்கிறா. நடுவில ஒரு சிவப்புத் துண்டு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எண்டு எடுத்த சீலையில மிஞ்சினது. மற்றத் துண்டெல்லாம் தோய்ச்சுத் தோய்ச்சு வெளுத்த பிறகு போர்வைக்கு வந்தது. இது மட்டும் தண்ணி காணாத புதுத்துணி. அம்மம்மா இவ்வளவு காலமும் அதை வெயில்ல விரிச்சுத் தட்டி எடுத்தாவே தவிர, தண்ணி காட்டேல்லை. ஏன் எண்டு நானும் கேட்கேல்லை.

சின்னப் பேசினுக்குள்ள ஒரு வாளித் தண்ணியோட அமத்தி வைச்சிட்டு நாடகம் பார்க்கப் போனன். திரும்பி வந்து பார்த்தா தண்ணி பீற்றூட் கறி மாதிரிக் கிடக்குது. தம்பியின்ர வெள்ளைச் சேட்டு பஞ்சுமிட்டாய் நிறம்.

வன்னியில ஒரு வீட்டில பிரச்சினை எண்டா அரை மணித்தியாலத்தில வேலியால நாலு தலை தெரியும். முன்வீட்டு மச்சாள் ஆனையிறவு உப்பில ரெண்டு கை அள்ளிப் போடச் சொன்னா. எங்கட உப்பில எனக்கும் பெருமைதான். ஆனா சாயம் போடுற இடத்தில உப்புப் போடுறதே சாயத்தை நூலில ஏத்துறதுக்குத்தான். கழருறதை விட்டிட்டு ஏத்துற வேலையையோ பார்க்கிறது? பக்கத்து வளவு அப்பு அந்த நாளில பரந்தன் கெமிக்கல் தொழிற்சாலையில வேலை செய்தவர். ஆனையிறவு உப்பில இருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம். யுத்தத்தோட அது படுத்திட்டுது, அப்புவுக்கு குளோரின் பாசம் படுக்கேல்லை. கிணறு, குளியலறை, பாம்பு வாற பொந்து, எல்லாத்துக்கும் அவரிட்ட ஒரே மருந்து. "குளோரின் ஊத்து பிள்ளை, வெள்ளை வெள்ளையா வரும்." வரும்தான். மிச்ச நிறமெல்லாமும் சேர்ந்து வெள்ளையா வரும்.

கடைசியா ஆடைத் தொழிற்சாலையில வேலை செய்யிற மைத்துனிக்குப் போன் எடுத்தன்.

"காயவிட்டிட்டீங்களோ அண்ணி?"

"இல்லை, மழை."

"மழைக்குக் கும்பிடு போடுங்கோ. காய்ஞ்சா சாயம் குடியிருந்திடும். கை வைக்கேலாத சுடுதண்ணி, சோப்புத்தூள், கனக்கத் தண்ணி. விடிய விடிய ஊறட்டும். தண்ணி காணாதெண்டா கழண்ட சாயம் போக இடமில்லாமல் திரும்ப வெள்ளையிலதான் வந்து இருக்கும்."

கனக்கத் தண்ணி எண்டது சரி, எந்தத் தண்ணி? எங்கட கிணத்துத் தண்ணி கல்சியம். கேத்திலுக்க சுண்ணாம்பு பூசின மாதிரிப் படியும், சவர்க்காரம் நுரைக்கவே நுரைக்காது. நல்ல காலம், தகரக் கூரையில விழுற மழைத்தண்ணி பீலியால தாங்கிக்கு வந்து நிறைஞ்சு கிடந்தது. நெல்லு அவிக்கிற கிடாரத்தை இறக்கி, ஆறு வாளி விட்டு, விறகைத் தள்ளினன். கொதி வர நெருப்பை இழுத்துப்போட்டுப் போர்வையை இறக்கி அகப்பைக்காம்பால அமத்தினன். திண்ணையில இருந்த அம்மம்மா எட்டிப் பார்த்தா.

"நெல்லு அவிச்சிருக்கிறன், ஒடியல் மாவில கூழும் காய்ச்சியிருக்கிறன். போர்வை அவிக்கிறதை இண்டைக்குத்தான் பார்க்கிறன்."

விடிய எழும்பினா தண்ணி இளஞ்சிவப்பு. ஊத்திப்போட்டு ரெண்டாந்தரம் வைச்சன். இஞ்சதான் இவர் வந்தார். சிக்கனமான மனுசன். சோப்புத்தண்ணி சும்மா கிடக்குது எண்டு, வேலைக்குப் போடுற வெள்ளைச் சேட்டையும் கிடாரத்துக்க போட்டிட்டுப் போயிட்டார். போர்வையில இருந்து கழண்ட சாயத்தில அரைவாசியை அந்தச் சேட்டுத்தான் குடிச்சது. திட்ட வாய் திறந்தனான், ஆனா யோசிச்சுப் பார்த்தா உதவிதான் செய்திருக்கிறார். பழைய வெள்ளைத் துணி போட்டா அதுவும் சாயத்தை இழுக்குமாம், பிறகு மைத்துனி சொன்னாள். பழையது எண்டுதான் சொன்னாள். இது சம்பளத்தில எடுத்த புதுச் சேட்டு.

மூண்டாந்தரம் தண்ணி தெளிவாக் கிடந்தது. போர்வை தப்பீட்டுது. மூலையில மட்டும் ஒரு உள்ளங்கை அளவு செங்காவிக் கறை, கழராமல் அப்பிடியே நிண்டது. நாலாந்தரமும் வைச்சன். தேசிக்காய் தேய்ச்சன். தோய்க்கிற கல்லில வைச்சு நகம் தேயத் தேய்ச்சன்.

அம்மம்மா பொல்லை ஊண்டிக்கொண்டு கிட்ட வந்து, கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் குனிஞ்சு பார்த்தா.

"உதோ? உது சாயமில்லையடி. என்ர வெத்திலை. போன மார்கழியில சிரிக்கேக்க வழிஞ்சது."

"அப்ப மூண்டு நாளா நான் நிண்டு தேய்க்க, பார்த்துக்கொண்டுதானே இருந்தீங்கள்?"

"நீ கேட்கேல்லையே" எண்டா. சொல்லிப்போட்டு வெத்திலைத் தட்டத்தை இழுத்தா. நான் போர்வையைத் தூக்கிக்கொண்டு ரெண்டடி தள்ளி நிண்டன்.