வில்சன்களின் வேலையை வீட்டில் செய்து பார்க்கிறேன்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் வில்சன் என்ற குடும்பப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் பெயர் கொண்ட அறிவியலாளர்களில் யார் யாருடைய வேலையை வீட்டில் கொஞ்சமாவது செய்து பார்க்கலாம் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். பெயர் ஒன்று என்பதைத் தவிர இவர்களுக்குள் உறவு கிடையாது.

முதலில் சி.டி.ஆர். வில்சன். ஸ்காட்லாந்துக்காரர். 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் மலை உச்சியில் தங்கியிருந்தபோது, மேகத்தில் வெயில் பட்டுத் தோன்றிய வண்ண வளையங்களில் சொக்கிப்போனார். அதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் உண்டாக்கப் பார்த்ததில் பிறந்ததுதான் மேக அறை, அதாவது மூடிய கலத்துக்குள் மேகம் உண்டாக்கும் கருவி.

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு மூடி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அணைத்த தீக்குச்சியின் புகையை உள்ளே விட்டு இறுக மூடினேன். நன்றாக அழுத்திச் சட்டென்று விட்டால் உள்ளே வெள்ளையாக மேகம். மறுபடி அழுத்தினால் காணோம். பின்னால் கறுப்புத் தாள் வைத்து, பக்கவாட்டில் போன் டார்ச் அடித்தால் மேகம் சுருள்வதுகூடத் தெரிகிறது. புகை விடாமல் செய்தபோது அநேகமாக ஒன்றுமே வரவில்லை. காற்று விரிந்து குளிர்ந்தாலும், நீராவி துளியாகத் திரள ஏதாவது துகள் வேண்டும். தூசியே இல்லாத காற்றையும் இன்னும் அதிகமாக விரியவிட்டால், மின்னேற்றம் பெற்ற அணுக்கள், மூலக்கூறுகள், அதாவது அயனிகளின் மேல் நீர் படிகிறது என்று வில்சன் கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரியாத மின்னேற்றத் துகள் ஒன்று போகும் வழியெல்லாம் அயனிகளை உண்டாக்கும்; அவற்றின் மேல் படிந்த துளிகளைக் கொண்டு அதன் பாதையை 1911-ல் படம் பிடித்தார். 1927-ல் நோபல் பரிசு. ஒரு மலைக்காட்சியின் அழகில் தொடங்கிய வேலை அங்கே போய் நின்றது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் எறும்பு வில்சன், அதாவது இ.ஓ. வில்சன். சிறு வயதில் மீன் பிடிக்கும்போது ஒரு கண் பார்வை போனது. கிட்டத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய பூச்சிகளின் பக்கம் திரும்பினார். நெருப்பெறும்பின் வயிற்றுச் சுரப்பி ஒன்றை நசுக்கி அதனால் கோடு போட, எறும்புகள் அதன் வாசனையைப் பிடித்து அந்தக் கோட்டிலேயே நடந்தன.

நான் செய்தது எளிது. சமையல் மேடையில் பிள்ளையார் எறும்பு வரிசை ஓடும் இடத்தில் ஈரத்துணியால் குறுக்கே ஒரு துடைப்பு. இரு பக்கமும் எறும்புகள் அந்த இடத்தில் வந்து நின்று, கொம்பை ஆட்டித் திரும்பி, சுற்றிச் சுற்றித் தேடின. முதலில் ஒன்று தாண்டியது. கொஞ்ச நேரத்தில் வரிசை பழையபடி ஓடியது.

பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்திலிருந்து எங்கும் பரவியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சைப் பிடித்த ராபர்ட் வில்சனின் வேலைக்கு வீட்டில் வழியில்லை. அதனால் அடுத்தவர் அலெக்சாண்டர் வில்சன். நெசவாளியாக இருந்து அமெரிக்கா போய், அங்கே பறவைகளை வரைந்து ஒன்பது தொகுதி நூலுக்கு உழைத்தவர். மொட்டைமாடிக்கு வரும் மைனாவை வரைய ஆரம்பித்திருக்கிறேன். அலகு சரியாக வந்துவிட்டது, கால்தான் இன்னும் பிடிபடவில்லை.